“நல்லாருக்குதுங்க” சொல்லாத பயணம்

காலை ஆறு பத்துக்குக் காங்கேயத்தில் கோவைப் பேருந்து ஏறினோம். எழுபது கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய்ச் சொச்சம். என் மடியில் மருத்துவமனைக் காகிதங்கள். என் வீட்டுக்காரர் மடியில் மஞ்சள் பை, அதில் டாக்டருக்கு ஆறு தேங்காய்.

“ஏனுங்க, தேங்காய்க்கு லக்கேஜ் போடட்டுங்களா?” என்று கண்டக்டர் விளையாட்டாகக் கேட்டார்.

“போடுங்க சாமி, பாவம், நீங்களும் கணக்குக் காட்டோணுமில்ல” என்று பணத்தை எடுத்தே விட்டார் இவர். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் கொப்பரைக் களங்கள். பெண்கள் தேங்காயைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் களத்தை மகன் பார்த்துக்கொள்கிறான். இவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து பத்து மாதமாகிறது. முதல் கீமோவில் கட்டி சுருங்கியது. பிறகு அதே மருந்துக்கு மசியாமல் வளர ஆரம்பித்தது. அது தாமதமாகத் தெரிந்ததற்கு இவருடைய மரியாதைதான் காரணம். “சாப்பாடு எறங்குதாங்க?” என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் “நல்லாருக்குதுங்க” என்பார். வீட்டில் தோசை போய் இட்லி, இட்லி போய்க் கஞ்சி என்று ஆகியிருந்தது.

கடைசியில் நான்தான் டாக்டரிடம் போட்டு உடைத்தேன். வெளியே வந்ததும் இவர் என்ன சொன்னார் தெரியுமா? “அந்த டாக்டரம்மா அத்தன பாடுபட்டு மருந்து குடுக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா எறங்கலீங்கன்னு எப்படிச் சொல்றது கண்ணு?” எனக்கு வந்த கோபத்தில், அன்று திரும்பும்போது பல்லடம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

இன்று ஏழே காலுக்கு அதே பல்லடம். வண்டி ஐந்து நிமிடம் நின்றது. அன்று உடைத்துச் சொன்ன பிறகு, டாக்டர் மறுபடி குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார். கட்டியின் செல்களில் ஒரு புரதம் அளவுக்கு மீறி இருந்தது. அதையே குறிவைத்துப் பிடிக்கும் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள். நாலு முறை ஆயிற்று. அதற்குக் கட்டி மசிந்ததா என்று, இரண்டு நாள் முன்பு எடுத்த ஸ்கேன் இன்று சொல்லும். தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் சூலூர் தாண்டியதும் மடியிலிருந்த காகிதங்களை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

எட்டரைக்குக் கோவை, சிங்காநல்லூர் பேருந்து நிலையம். அங்கிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டார்.

“சாப்பாடு எறங்குதாங்க?”

“நல்லா...” என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். பையிலிருந்த தேங்காய்களை ஒரு முறை தடவிவிட்டுச் சொன்னார்: “சோறு எறங்குதுங்க. சப்பாத்தி இன்னும் நெஞ்சுல நிக்குதுங்க. வெரலெல்லாம் மரத்துப்போகுது. போன தடவ மருந்து ஏத்துனப்ப ரெண்டு நாள் எந்திரிக்க முடியலீங்க.”

டாக்டர் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“கட்டி பாதிக்கு மேல சுருங்கிருச்சுங்க” என்றார். “முழுசாப் போகல. ஒரு நாள் இந்த மருந்துக்கும் மசியாமப் போகலாம். அப்ப வேற வழி பாப்போம். ஆனா அது எனக்கு அன்னைக்கே தெரியோணும். இப்பச் சொன்னீங்களே, இப்படியே சொல்லுங்க.”

அன்றைய மருந்து ஏறி முடியப் பகல் இரண்டு. திரும்பும் வழியில் பல்லடத்தில் இறங்கி ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். குழைந்த சோற்றில் ரசம் ஊற்றி, மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

கடைக்காரர் வந்து, “சாப்பாடு எப்படீங்க?” என்றார்.

“ரசத்துல உப்புப் பத்தலீங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

இருபத்தாறு வருடமாக என் ரசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வீட்டுக்குப் போய், அது நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.