மீன் சட்டியில் ஒரு ஃபுஷியா

எங்கள் அடுக்ககத்தின் வாசலில் உள்ள பிள்ளையார் கோவிலுக்குத் திருப்பணி தொடங்கியபோது, அதற்கான குழுவின் தலைவராக என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். வேலப்பன்சாவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் துணை முதல்வராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதும், பிறந்தது முதல் சைவ உணவு மட்டுமே உண்பவன் என்பதும் அத்தேர்வுக்குரிய காரணங்களாகக் கூறப்பட்டன. இரண்டையும் நான் மறுக்கவில்லை. மூலவரைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் நடந்த அன்று குழுவின் செயலாளர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். குடமுழுக்கு முடியும்வரை குழுவினர் எவரும் மீனோ இறைச்சியோ தொடலாகாது என்பது அதன் சாரம். செயலாளர் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த் தளத்தில் குடியிருப்பவர். வங்கியில் மேலாளராக இருந்தவர். தீர்மானத்தை நான் வழிமொழிந்தேன். எனக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஐப்பசியில்தான் என் மகள் ஊட்டியிலிருந்து ஃபுஷியா என்னும் செடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பும் ஊதாவுமாக, ஜிமிக்கியைப் போலத் தலைகீழாகத் தொங்கும் பூ அதனுடையது. அடித்தண்டு விரல் பருமனுக்கு முற்றி மரமாகியிருந்தது. "சும்மாதானே இருக்கீங்க, இதை வெச்சு போன்சாய் பண்ணிப் பாருங்கப்பா" என்றாள். சும்மா இருப்பதாக நான் கருதவில்லை. எனினும் செடியை ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொண்ட வேகத்தில், அடுத்த குழுக் கூட்டத்தின் முடிவில் தேநீர் அருந்தும்போது, போன்சாய்க் கலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசினேன். வேரை எந்த அளவுக்குக் குறைப்பது, ஒடிந்துவிடாமல் கிளைக்குக் கம்பி சுற்றுவது எப்படி, நுனியைக் கிள்ளினால் கிளை எவ்வாறு அடர்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அப்போது செடி நர்சரிக்காரர் கொடுத்த கறுப்புப் பையில்தான் இருந்தது என்பதைக் குறிப்பிட வாய்ப்பு அமையவில்லை. குடமுழுக்கு அன்று என் போன்சாயைப் பூவுடன் மண்டபத்தில் வைப்பேன் என்று அறிவித்துவிட்டுத் தேநீரை முடித்தேன்.

போன்சாய்க்கு அகலமான, ஆழம் குறைந்த மண்கலம் வேண்டும். எங்கள் ஐயப்பன்தாங்கலில் அப்படிப்பட்டது கிடைக்காததால் பேருந்தில் பூந்தமல்லிக்குப் போனேன். கார்த்திகை நெருங்கிவிட்டதால் மண்பாண்டக் கடையில் அகல் விளக்கு வாங்கும் கூட்டம் நிறைந்திருந்தது. நான் தேடிய அளவில், தேடிய வடிவில் ஒரே ஒரு பாண்டம்தான் அங்கே இருந்தது. கடைக்கார அம்மாள் அதை எடுத்து விரலை மடக்கித் தட்டிக் காட்டினார்.

"இன்னா சார், எத்தினி பேருக்குக் கொழம்பு?"

"இரண்டு பேர்."

"வஞ்சிரமா, சங்கராவா? சங்கரான்னா இந்த சட்டிதான் கரெக்டு. நல்லா சுண்டும், அடிபுடிக்காது."

துணை முதல்வராக இருந்த ஒருவர் மீன் சட்டியில் செடி வைக்கப்போகிறார் என்பதை அந்தக் கூட்டத்தின் நடுவே விளக்குவது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

"சங்கரா" என்றேன்.

"வணக்கம் சார்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. செயலாளரின் மனைவி, முந்தானையில் அகல் விளக்குகளோடு நின்றிருந்தார். சட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பதில் வணக்கம் சொன்னேன்.

சட்டியை ஊறவைத்து, அடியில் துளையிட்டு, துளைகளின்மேல் கொசுவலைத் துண்டை விரித்துச் செடியை நட்டேன். முறைப்படிதான் செய்தேன். இருந்தும் ஃபுஷியா இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. ஊட்டிச் செடிக்கு நம் ஊர்ப் புழுக்கம் ஆகாது என்று அறிந்து, படுக்கையறையில் ஸ்டூல் போட்டு அதன்மேல் சட்டியை வைத்து, ஏசியைப் போட்டு, கதவு ஜன்னல்களை அடைத்தேன். கார்த்திகை மழையில் நான் ஸ்வெட்டர் அணிந்து உறங்கினேன்.

"எனக்கு வேர்க்குதுன்னா ஃபேன் போதும்பீங்க" என்றாள் என் மனைவி. "செடிக்கு மட்டும் ஏசியா?"

அதுவும் போதாமல் போகவே, இயற்கை உரக்கடையில் மீன் அமிலம் வாங்கிவந்தேன். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் அந்த உரத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். செடிக்கு அது பிடித்ததா என்பது தெரியவில்லை. மாடிப்படி முழுவதற்கும் வாசனை தெரிந்துவிட்டது. காவலாளி என்னிடம் நேராகவே கேட்டார்: "சார், மழைல ஜன்னல்லாம் மூடிகினு ஏசி போட்டுகினு கீறீங்களே, உள்ள இன்னா சார் விசேஷம்?"

சில நாட்களில் மனைவி ஒரு செய்தியோடு வந்தாள்.

"கீழ் வீட்டம்மா என்கிட்ட, 'உங்க வீட்டுக்காரருக்குச் சங்கராதான் பிடிக்குமா'ன்னு கேக்குறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

"செடியைப் பத்திச் சொல்லாதே."

"அப்ப மீனுன்னு சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சொல்லாதே."

"ஒண்ணும் சொல்லலைன்னா மீனுதான்."

நிலைமை எனக்குத் தெளிவாகவே விளங்கியது. விரதம் ஏற்ற குழுவின் தலைவர் வீட்டில் மீன் வேகிறது என்று ஊர் நம்புகிறது. அறையைத் திறந்து சட்டியைக் காட்டினால் அந்தப் பழி நீங்கும். ஆனால் சட்டியில் இருந்தது கம்பி சுற்றிய ஒரு குச்சியும் நான்கைந்து இலைகளும்தான். தேநீர் வேளையில் என் விளக்கத்தைக் கேட்டவர்கள் அதைப் பார்த்தால் என்ன ஆகும்? மீன் தின்றவன் என்ற பெயருக்கும் தெரியாததைப் பேசியவன் என்ற பெயருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் "தலைவர் விஷயம்" பேசப்படும் என்று வேறு தகவல் வந்திருந்தது.

சனிக்கிழமை மாலை செயலாளர் வந்தார். விசாரணைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணி, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தோள் துண்டை விலக்கினார். அடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு இருந்தது.

"வீட்ல கோவிலுக்குப் போயிருக்காங்க சார். தீர்மானம் நான்தான் கொண்டுவந்தேன், இல்லேங்கல. ஆனா கீழ உக்காந்துகிட்டு தெனம் இந்த வாசனைய மோந்துகிட்டு எத்தனை நாள்தான் சார் ரசம் சாப்பிடறது? ரெண்டு துண்டு போதும். வெறும் குழம்புன்னாலும் பரவால்ல."

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. என் மனைவி சிரிப்பை அடக்குவதற்குக் கையாளும் வழிகளில் அதுவும் ஒன்று.

நான் எழுந்து படுக்கையறைக் கதவைத் திறந்தேன். செயலாளர் ஆவலோடு உள்ளே நுழைந்து, ஸ்டூலின் மேலிருந்த சட்டியைக் கண்டு, அருகே போய்க் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"குழம்பு எங்க சார்?"

"இதுதான் சட்டி."

"வாசனை?"

"உரம்."

அவர் மண்ணை ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு அந்தக் குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, நீங்க அன்னிக்குச் சொன்ன போன்சாய்..."

"இதுவேதான்."

"விளக்குமாத்துக் குச்சி மாதிரி இருக்கே சார்."

"தூக்கை எங்கே வெச்சீங்க?" என்று கேட்டேன். அவர் அதை மீண்டும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். என் குச்சியைப் பற்றி அவரும் அவர் தூக்கைப் பற்றி நானும் வெளியே சொல்வதில்லை என்பது அத்துடன் முடிவாயிற்று.

மறுநாள் கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தபோது, செயலாளர் அவரைக் கையமர்த்தினார். "நானே நேர்ல போய்ப் பாத்துட்டேன். தலைவர் வாங்கின சட்டில இருக்கிறது போன்சாய். அதுக்குத்தான் ஏசி, அதுக்குத்தான் உரம். அந்த மாதிரி ஒரு செடிய நான் எங்கயும் பாத்ததில்ல." ஒவ்வொரு சொல்லும் உண்மை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "கும்பாபிஷேகத்தன்னிக்குப் பாருங்க, கொத்துக் கொத்தாப் பூக்கும்" என்று சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் மானமும் என் மானமும் ஒரே சட்டியில் நடப்பட்டன. மார்கழிக் குளிர் வந்ததும் செடியைப் பால்கனிக்கு மாற்றினேன். காலையில் காபிக்கு முன்பே அவர் வந்து நின்றார். தளிர்கள் துளிர்த்தன. வடிவம் திருந்த வேண்டும் என்று நான் நுனிகளைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் சார். கிள்ளக் கிள்ளப் பூ தள்ளிப் போகும்னு டீ குடிக்கும்போது நீங்கதானே சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். கேட்டவர்களில் ஒருவராவது கவனித்திருந்தது மனநிறைவாக இருந்தது. விரல்களை விலக்கிக்கொண்டேன். அந்த நுனியில்தான் மொட்டு வந்தது. வேறு எங்கும் வரவில்லை.

தையில் குடமுழுக்கு நடந்தது. ஃபுஷியா அன்று ஒரே ஒரு பூவோடு மண்டபத்தில் வீற்றிருந்தது. போன்சாயில் மரத்தைச் சிறிதாக்கலாம், பூவைச் சிறிதாக்க முடியாது. ஆகவே சாண் உயர மரத்தில் முழு அளவு ஜிமிக்கி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கொத்து எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. செயலாளர் பக்கத்திலேயே நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். பலர் படம் எடுத்தார்கள். நான் விளக்கம் தரத் தயாராக அருகில் நின்றேன்.

செயலாளரின் மனைவி குனிந்து சட்டியின் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தார்.

"நல்லா வெந்த சட்டி. இதுல போய் ஓட்டை போட்டுட்டீங்களே சார்."

"எவ்ளோ அழகா சுண்டியிருக்கும்" என்றார் இன்னொருவர். வேறு சிலரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். எந்தக் கடை, என்ன விலை, இன்னும் இருக்கிறதா என்று கேள்விகள் வந்தன. கேள்விகள் எவையும் செடியைப் பற்றியவை அல்ல. எல்லாவற்றுக்கும் உரிய முறையில் பதில் அளித்தேன்.

விரதம் முடிந்த வாரத்தில் செயலாளரின் மனைவி மேலே வந்தார். பரணில் கிடந்த தங்கள் சட்டி விரிசல் விட்டுவிட்டதாம். "உங்களுக்குத்தான் சார் நல்ல சட்டி அமையுது" என்று சொல்லி, தங்களுக்கும் ஒன்று வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டார். படியின் திருப்பத்தில் செயலாளர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க இயலவில்லை.

பூந்தமல்லிக் கடையில் மூன்று சட்டிகளைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

"இன்னா சார், மறுபடியும் சங்கராவா?" என்றார் கடைக்கார அம்மாள்.

"இந்த முறை வஞ்சிரம்" என்றேன்.

பக்கத்தில் நின்றவர் என் பழைய மாணவர். வணக்கம் சொல்ல எழுந்த அவருடைய கைகள் பாதியில் நின்றன. சட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, நான் முந்திக்கொண்டு வணக்கம் சொன்னேன்.