அம்மா எடுத்துத் தந்த சங்கீதம்

எங்கள் வீட்டில் பைபிளைத் திறந்தால், மூடும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். தினமும் காலைத் தேநீருக்கு முன் வாசிப்பு நடக்கும். அன்றைய தேதி எதுவோ, நீதிமொழிகளில் அந்த அதிகாரம். அண்ணா வாசிப்பார், அப்பா விளக்கம் சொல்வார். கோபத்தை அடக்குவதைப் பற்றி அப்பா பேசினால், தர்மபுரத்தில் அவரைவிடப் பொறுமைசாலி இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்தப் பொறுமை வாய்க்கால் கரை வரைக்கும்தான் போகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒரு காலை அப்பா வயலிலிருந்து மூச்சிரைக்க வந்தார். நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம், தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகிவிடும். எங்கள் முறைக்கு வந்த தண்ணீர் முழுவதும் பக்கத்து வயலில் நின்றதாம். அந்த வயல்காரரின் வீடு எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம்.

"வரம்பை வெட்டிப்போட்டான். இண்டைக்கு அவன்ரை கையை முறிக்கிறன்!" என்று மண்வெட்டியோடு திரும்பினார்.

அம்மா மறிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பைபிளை விரித்து என் மடியில் வைத்தார்.

"இஞ்சையப்பா, இன்னும் வாசிப்பு முடியேல்லை. திறந்தாச்சு, இருங்கோ. இண்டைக்குப் பிள்ளை வாசிக்கட்டும்."

சட்டம் போட்டவரே அதை மீறலாமா? அப்பா தன் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார், மண்வெட்டி மடியில்.

நீதிமொழிகளை விட்டுவிட்டு அம்மா ஏன் சங்கீதத்தை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அண்ணாவைத் தாண்டி வந்த வாய்ப்பைக் கேள்வி கேட்டுக் கெடுப்பேனா? எழுத்துக்கூட்டி வாசித்தேன். பக்கம் புரண்டது, சங்கீதம் முடியவில்லை. அண்ணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். நான் வேகம் எடுக்கும்போதெல்லாம் அம்மா, "ஆறுதலா வாசி பிள்ளை, அப்பாவுக்கு விளங்கவேணும்" என்றார். முதலில் ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் கால் மெல்ல நின்றது. பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

கடைசி வசனம் முடிந்து நிமிர்ந்தால், வேலிப் படலையில் பக்கத்து வயல்காரர் சேற்றுக் கால்களோடு நின்றார். அவர் சைவக்காரர். வாசிப்பைக் குழப்பக் கூடாதென்று நெடுநேரம் வெயிலில் நின்றிருக்கிறார், பாவம்.

"அண்ணை, மாடு ஏறி வரம்பு உடைஞ்சுபோச்சு. மண் போட்டு அடைச்சிட்டன். இப்ப தண்ணி உங்கடை வயலுக்குத்தான் போகுது" என்றார்.

அன்று அப்பா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம், "அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தும்" என்றார்.

அப்பாவின் கோபத்தை நான் வாசித்தே அடக்கினேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை. இப்போது அது அம்மாவைப் பற்றிய பெருமை. முழு பைபிளிலும் நான் வாசித்த அந்தச் சங்கீதத்தைவிட நீளமான அதிகாரம் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.