கற்பகம் ஃபார்மட் அடித்த நாள்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக ஓ.எஸ். போட உட்கார்ந்தேன். பழைய பெட்டி. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தாலும் அப்போதுதான் கண்ணைத் திறக்கும். பக்கத்து மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். சூடு பட்ட தூசிக்கென்று ஒரு வாசனை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அதோடு ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்த வாசனையும் சேர்ந்துகொண்டது. மூடியைப் பூட்டி வேலையைத் தொடங்கியதும் திரையில் கேள்வி வந்தது. எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? என் விரல் நின்றுவிட்டது.

"இன்னாப்பா யோசிச்சிகினு கீற? அதுலதான் ஒண்ணுமே இல்லியே" என்றாள் மகள்.

ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தச் சந்தன வாசனை என்னை ஆரணியில் ஒரு மாடி அறைக்கு இழுத்துப்போய்விட்டது. என் முதல் வேலை அங்கேதான். கீழே பட்டு நூல் கடை, மேலே எங்கள் டிசைன் ரூம். பட்டுச் சேலையின் பார்டரையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவோம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அட்டையில் ஓட்டை குத்தித் தருவார்கள். அந்த அட்டையைத் தறியில் மாட்டினால் நாங்கள் வரைந்தது சேலையில் விழும். ரூமில் ஏ.சி. உண்டு. எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. நாங்கள் அதன் தயவில் குளிர்ந்துகொண்டிருந்தோம்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் யாரையும் நம்ப மாட்டார். எங்கள் ஊரில் அதைக் குறை என்று சொல்ல முடியாது. ஒரு புது பார்டருக்காக இரண்டு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள் மாதிரி கடைக்கு வந்து, போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் புது முகம் வந்தால் சேலையைப் பாதி மட்டுமே விரிப்பது கடைக்காரர்களின் பழக்கம். எங்கள் முதலாளி இன்னும் ஒரு படி மேலே போனார். கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. ஓட்டைகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அரக்கை உருக்கி ஊற்றிவிட்டார். இன்டர்நெட் கிடையாது, கம்பி வழியாக டிசைன் ஓடிவிடும் என்று பயம். ஒரே ஒரு பென்டிரைவ். அது அவர் சட்டைப் பையில் இருக்கும். அட்டை குத்தப் போகும் நாளில் மட்டும் என் கைக்கு வரும்.

கற்பகம் எனக்கு ஒரு வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தாள். தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். அவர்கள் வீட்டில் தறியே கிடையாது. நான் சேவூர்க்காரன், தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், டிசைன் என்றால் என் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவன். அவள் மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாக வரைய ஆரம்பித்தாள். என் மயில்கள் எல்லாம் சுளுக்குப் பிடித்த மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். அவள் மல்லாட்டைச் செடியின், அதாவது வேர்க்கடலைச் செடியின், மஞ்சள் பூவை எடுத்து ஒரு பார்டர் போட்டாள். மல்லாட்டையைப் போய் யார் கல்யாணத்துக்குக் கட்டுவார்கள் என்று சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. திரையை வெகு நேரம் பார்த்துவிட்டு, இதை யாரிடமும் காட்டாதீர்கள் என்றார்.

எங்கள் சேலை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அந்த மல்லாட்டைப் பூ வேறொரு வியாபாரியின் கடையில் பொம்மைக்குக் கட்டப்பட்டு நின்றது.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எங்கள் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தார். என்னிடம் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கற்பகம் மேல ஒரு கண்ணு வச்சிக்கோப்பா. சும்மா பாத்துகினே இரு" என்றார்.

பார்க்கத் தொடங்கினேன். ஒருவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? தேட வேண்டியதே இல்லை, எல்லாம் தானாகவே வந்து சேரும். மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது அவள் ரூமிலேயே டிபன் டப்பாவைத் திறக்கிறாள். ஏன் தனியாக இருக்க வேண்டும்? நான் உள்ளே வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஒரு நாள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். புதுச் செருப்பு வாங்குவது குற்றம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவளே வரைந்த டிசைனை அவளே ஏன் திருட்டுத்தனமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைவிட நன்றாக வரைகிறவள் என்பதற்கு அப்பால் அவள்மீது எனக்கு வேறு வருத்தம் இருந்ததா என்று இப்போது யோசித்தால், இல்லை.

சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த காலை, கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் பச்சை மேடும் நீல வானமும். புது ஓ.எஸ். போட்டால் வருமே, அந்தப் படம். முதலாளி வைத்திருந்த சாமி படத்தைக் காணோம். என் ஐகான்கள் ஒன்றுகூட இல்லை.

"சிஸ்டம் படுத்துகிச்சுண்ணா. ஃபார்மட் அடிச்சிட்டேன்" என்றாள் கற்பகம். டிசைன் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்றும், கம்ப்யூட்டர் கோர்ஸில் கற்றது இப்போதுதான் உதவியது என்றும் சொன்னாள். அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு குரலைத் தணித்து, உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். நான் காதில் வாங்கவில்லை. தடயத்தை அழித்துவிட்டாள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். நூல் கடை வாசலில் நின்று முதலாளிக்குச் சொன்னேன்.

அவர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

"யாரக் கேட்டும்மா அழிச்ச?"

"நீங்க காஞ்சிபுரம் போயிருந்தீங்க, போன் எடுக்கலீங்க. அட்டைக்குக் குடுக்க டிசைன முடிக்க வேண்டியது இருந்துச்சி."

"அழிச்சதுல இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாதத இன்னாத்துக்கு அழிக்கணும்?"

கற்பகம் என்னைப் பார்த்தாள், ஒரே தடவை. நான் அந்த நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, வெளியே கழற்றிவிட்டிருந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அந்தச் செருப்பு பழையதாகிவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் ஒரு சேலை. முந்தியில் மயில். கழுத்து கோணல்.

உலகத்தில் வேறு எவனும் மயிலை அப்படிப் போட மாட்டான். கற்பகம் போன பிறகு நான் வரைந்தது அது. பாதியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அட்டைக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் என் ஃபோல்டரை மொத்தமாகப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போவது என் பழக்கம். ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்து எடுக்கச் சோம்பல். அட்டை குத்துகிறவர் எனக்கு மாமா முறை. சேவூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கூடவே நின்று வாங்கி வர வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். நானோ பென்டிரைவை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து வந்து வாங்கிக்கொள்வேன். சொந்தக்காரர்தானே.

மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நீதானப்பா கொண்டாந்து குடுத்த என்றார்.

முதலாளியிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொல்லி முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு மொதல்ல உன் மேலதான் டவுட்டு. நீ அந்தப் பொண்ணப் பத்தி போன் பண்ணதும் அந்த டவுட்டு போயிடுச்சி."

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. போய் அவளைக் கூப்பிட்டு வா என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குப் பெரிய பேஜாராகப் போயிற்று. தேவிகாபுரத்தில் அவள் அம்மா, மகள் செய்யாறு கம்பெனிக்குப் போகிறாள், காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்க்கலாம் என்றார். மறுநாள் போனேன். பஸ் இன்னும் வரவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, மற்ற பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தனியாக நகர்ந்து வந்தாள். நான் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

"தெரியும்ணா. அன்னிக்கி சிஸ்டத்தப் படுக்க வச்ச வைரஸ், நீங்க எடுத்துகினு போற பென்டிரைவ்லருந்துதான் வந்துச்சி. அட்டை குத்தற மிஷின் இல்லாம வேற வெளி சிஸ்டத்துல போட்டா மட்டுந்தான் அப்படி வரும். உங்ககிட்ட தனியா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க போன் பண்ணிட்டீங்க."

முதலாளி கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் சொன்னா யார்ணா நம்பியிருப்பாங்க?"

திரும்பி வரச் சொல்கிறார் என்றேன். அவள் கோபப்படவில்லை. கம்பெனியிலும் கேட்டில் பையைத் திறந்து பார்க்கத்தான் செய்கிறார்கள் என்றாள். "ஆனா எல்லார் பையும் பாக்கறாங்கண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. முதலாளி இப்போது இல்லை. அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை வந்துவிட்டது. இப்போது டிசைன்கள் போனிலேயே ஊர் விட்டு ஊர் போகின்றன. அரக்கு ஊற்ற ஓட்டையும் இல்லை, ஊற்றுகிறவரும் இல்லை. மல்லாட்டைப் பூ பார்டரை மட்டும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு வேறென்னவோ பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வரைந்தது யார் என்று கேட்டால், ஆளுக்கொரு கடையின் பெயரைச் சொல்கிறார்கள்.

ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தப் பஸ் நிறுத்தமும் போய்விட்டது. இந்தக் கதையை இதற்கு முன் ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது என்றுதான் அவர்களிடம் சொல்லி முடிப்பேன். அது பொய். பஸ் வந்தது உண்மை. ஆனால் யாரோ ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருக்கிறாள் என்று டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கற்பகம் ஏறாமல் என் எதிரிலேயே நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலுக்கு முன்னே வீடு போய்ச் சேருங்கண்ணா என்று அவளே கடைசியில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.