வாசல் பக்கம் திருப்பிய டிவி

கம்பெனியில் வேலை நிரந்தரமான பிறகு வீட்டுக்கென்று நான் வாங்கிய முதல் பெரிய பொருள் டிவிதான். ஓசூருக்கு வெளியே செல்போன் பாகங்களைக் கோக்கிற கம்பெனி. எங்கள் ஊர் கெலமங்கலத்தைத் தாண்டி, ரோஜாவும் குடைமிளகாயும் விளைகிற, பிளாஸ்டிக் கூரை போட்ட பாலி ஹவுஸ்களுக்கு நடுவே இருக்கிறது. ஊரின் கோடியில் காலனி. அங்கே ஒற்றை அறை கான்கிரீட் வீட்டில் அப்பா, அம்மா, நான். அப்பா ஊருக்குள் இருக்கும் நிலத்துக்காரர் ஒருவரின் பாலி ஹவுஸில் பூ அறுக்கும் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் அந்த நிலத்துக்காரரின் தகப்பனாருடைய காட்டில் வேலை பார்த்தவர்.

புது டிவி பாதிச் சுவரை அடைத்துக்கொண்டது. ஆனால் நாலு தூறல் விழுந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கெலமங்கலத்திலிருந்து மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் மேலே ஏறிப் பழைய டிஷ்ஷைத் தட்டிப் பார்த்தார்.

"டிவி பெருசு, தட்டு சின்னது அக்கா. பெரிய தட்டா போட்டு பாக்ஸையும் மாத்திடலாம். மழைலயும் படம் நிக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய டிஷ்ஷோடு வந்தார். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு வந்தது. அப்பா பின்பக்கம் வைக்கச் சொன்னார். பின்னால் தென்னை மரங்கள் மறைக்கும், முன்பக்கக் கைப்பிடிச் சுவர்தான் சரி என்றார் மெக்கானிக்.

"முன்னாடி வெச்சா ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும்" என்றார் அப்பா.

"தெரிஞ்சா என்னப்பா?"

நான் மெக்கானிக்கிடம் முன்பக்கமே வைக்கச் சொல்லிவிட்டேன்.

சுவரில் ஓட்டை போட்டு, கம்பத்தை நிறுத்தி, அப்பா அதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நிலத்துக்காரரின் ஸ்கூட்டர் வந்தது. பாலி ஹவுஸுக்குப் போக எங்கள் தெருதான் வழி. வண்டியை நிறுத்தி மேலே பார்த்தார். மெக்கானிக்கிடம் தெலுங்கில் ஏதோ கேட்டுச் சிரித்தார். பிறகு அப்பாவிடம் தமிழில், "என்னப்பா, இவ்ளோ பெருசா இருக்குது? எங்க வூட்லகூட இல்லியே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். குரலில் வேறெதுவும் இல்லை.

அப்பா கம்பத்தை விட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"புள்ள ஆசப்பட்டுச்சுங்க சாமி. சொன்னா கேக்கல. வேணாம்னா எடுத்துடறங்க."

எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. நிலத்துக்காரருக்கே அது எதிர்பாராத பேச்சுதான். "அட, எடுக்கறது எதுக்கு? இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா விட்ட கம்பத்தை மெக்கானிக் தன் தோளில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல் போல்ட்டை முறுக்கினார். எனக்கு முகம் எரிந்தது. என் சம்பளத்தில் வாங்கிய பொருள், எங்கள் வீட்டுச் சுவர். ஆனால் அந்த 'இருக்கட்டும்' விழுந்த பிறகு டிஷ் அவர் தயவில் நிற்பதுபோல் ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் படம் கண்ணாடிபோல் தெரிந்தது. அம்மா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு. எனக்கு ஓவர்டைம் இருந்தது. மத்தியானம் பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டபோது நல்ல மழை. நனைந்துகொண்டே தெருவுக்குள் வந்தால், எங்கள் வீட்டு வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. கதவுக்கு மேலே நீட்டியிருக்கும் தகரச் சார்ப்புக்கு அடியில், எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். மழையில் மாட்டிக்கொண்டவரை அப்பா ஒதுங்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே டிவியை மேசையோடு இழுத்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே கதவோரம், படத்தை மறைக்காமல், சுவரோடு ஒட்டி நின்றார். அம்மா அடுப்புப் பக்கம் நின்றாள். அவளுக்கு டிவியின் முதுகும் ஒயர்களும்தான் தெரிந்திருக்கும்.

முன்வாசலில் நிலத்துக்காரரைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். நான் சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவு வழியாக உள்ளே வந்தேன். யாரும் என்னை அப்படி வரச் சொல்லவில்லை. யூனிஃபார்மிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

அம்மா டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். "போடலாம்னு எடுத்தன். உங்கப்பா வேணாம்னுட்டு கடைக்கு ஓடிப்போயி பேப்பர் கப்புல வாங்கியாந்து குடுத்துச்சு" என்று கிசுகிசுத்தாள். அப்பாவின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. எங்கள் டம்ளரில் கொடுத்திருந்தால் நிலத்துக்காரர் குடித்திருப்பாரா, மாட்டாரா? எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அவருக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுக்கவில்லை.

வீட்டில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதை எடுத்து டிவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். ஸ்கிரீனில் என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை.

வெளியிலிருந்து நிலத்துக்காரர் சாதாரணமாகச் சொன்னார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா. மறைக்குது."

நான் தள்ளிக்கொண்டேன். நாற்காலியைச் சுவரோரம் இழுத்தேன். பிறகு அதில் உட்கார முடியவில்லை. எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றேன்.

மழை விட்டதும் அவர் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கி உள்ளே தள்ளி வைத்தார். "பரவால்ல, இந்த மழைலயும் படம் அசையவே இல்ல. அந்த மெக்கானிக் நம்பர் குடும்மா" என்று போனை நீட்டினார். எண்ணைப் பதிந்து கொடுத்தேன். நல்ல பிள்ளை என்றார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்பா டிவியைத் திருப்பி வைத்தார். முகமெல்லாம் சந்தோஷம். "நம்ம வூட்டாண்ட உக்காந்து பாத்துட்டுப் போறாரு பாரு" என்றார் அம்மாவிடம்.

"நீ ஏன்பா உக்காரல?" என்று கேட்டேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். டிவியின் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். "எனுக்கு நின்னுக்கினு பாத்தாத்தான் நல்லாத் தெரியுது" என்றார்.

அம்மா என்னை முறைத்தாள். "கேக்கற கேள்வியப் பாரு. மாத்துத் துணி கட்டு, போ" என்றாள். கேட்டிருக்கக் கூடாதுதான். அதுவரை அப்பாவை நினைத்துக் கூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னை நினைத்தும் கூச்சமாக இருந்தது. பின்கதவு வழியாக வந்தவள் நான்.

அடுத்த வாரம் நிலத்துக்காரர் வீட்டிலும் டிஷ் மாற்றினார்கள். லீவு நாளில் அங்கே போய்க் கம்பம் பிடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கேட்காமல் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தவர் கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதருகே வந்து சொன்னார்.

"அவுங்குளுது நம்முதவிடச் சின்னதுதான். மெக்கானிக்க தனியாக் கூப்புட்டுக் கேட்டன். அவுங்க மாடி ஒயரம், அதே போதுமாம். நம்முதுதான் பெருசாம்."

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம், அதையும் அவர் கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, நம்முதுதான் பெருசு" என்றேன். நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.