சோக் டெஸ்டில் இருந்த அருளப்பன் அண்ணன்

எங்கள் சர்வீஸ் சென்டர் அருளப்பன் அண்ணன் இறந்துவிட்டார். நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

திண்டுக்கல்லில் எங்களிடம் டிவி ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கவுண்டரில் என்னைத்தான் பார்த்திருப்பீர்கள். தடுப்புக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வருமே... அதுதான் அண்ணன்.

என் வேலையே அவர் சொல்வதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான். நான் படித்தது பி.காம். எனக்கே பாதி புரியாது.

சேர்ந்த புதிதில் உள்ளே இருந்து "டிரை சோல்டர்மா" என்றார். நான் கஸ்டமரிடம் திரும்பி, "ஈயம் காஞ்சு போச்சாம் சார்" என்றேன். அவர் சீரியஸாக, "அப்ப ஈரமா இருக்கணுமாங்க?" என்று கேட்டார்.

உள்ளே அண்ணன் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "ஏம்மா சுமதி, ஜாயிண்ட் விட்டுப்போச்சுன்னு சொல்லும்மா. காயவும் இல்ல, நனையவும் இல்ல."

அப்புறம் ஷார்ட், லீக்கேஜ், ரிப்பிள்... ரிப்பிள் என்றால் என்னவென்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டால், "சப்ளை அலையடிக்குதுன்னு சொல்லிரு" என்பார். சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய குழப்பம் இந்த சோக் டெஸ்ட்தான். முதலில் ட்யூப்லைட் சோக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை, ஊறப்போடுகிற சோக்காம்.

வத்தலக்குண்டில் இருந்து ஒருவர் டிவியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வீட்டில் தானாக அணைகிறதாம். எங்கள் கடையில் போட்டால் அருமையாக ஓடுகிறது.

"அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

அண்ணன் அதற்கு 'இன்டர்மிட்டன்ட்' என்றார். வந்து வந்து போகிற ஃபால்ட். அப்படிப்பட்ட செட்டை அவர் திறக்கவே மாட்டார். ஜன்னலோர ஸ்டாண்டில் வைத்து ஓடவிடுவார், ஃபால்ட் வரும்வரை. அதற்குப் பெயர்தான் சோக் டெஸ்ட்.

"காட்டாம எதுக்குத் தொறக்கணும்? தொறந்து எதத் தேடுறது?" என்பார்.

கஸ்டமர் போன் செய்தால், "பாத்துட்டு இருக்காங்க சார்" என்பேன். எல்லோருக்கும் இதே பதில். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

ஒரு மத்தியானம் அந்த வத்தலக்குண்டு டிவி பட்டென்று அணைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். "காட்டிருச்சும்மா, காட்டிருச்சு" என்று அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த முகம்தான் நேற்றிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது.

கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார். செத்த நேரம் நின்றால் சரியாகிவிடும். வீட்டில் அவர் மனைவி, எங்கள் மதினி, திட்டித்தான் டாக்டரிடம் போனார்.

ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் மிஷினில் நடக்கவைத்து ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும், வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் போகவில்லை.

"வலி இருக்கும்போது போனாத்தானம்மா தெரியும். நல்லா இருக்கும்போது போயி என்னத்தக் காட்டுறது? இப்ப நான் சோக் டெஸ்ட்ல இருக்கேன்." சொல்லிவிட்டு சோல்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

கிண்டலா, நிஜமா... எனக்குப் புரியவில்லை. சரியாகத்தானே சொல்கிறார் என்றும் தோன்றியது. அத்தனை டிவிக்கு அது சரியாகத்தானே இருந்தது?

மறுநாள் மதினி எனக்கு போன் செய்தார்கள்.

"ஏம்மா, உங்கண்ணே ஏதோ சோக் டெஸ்ட்ல இருக்கேங்குறாரே. கேட்டா சிரிக்கிறாரு. அப்படின்னா என்னம்மா?"

கவுண்டரில் கூட்டம். கையில் பில். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பாத்துட்டு இருக்காங்கன்னு அர்த்தம் மதினி."

"அப்பாடா. அப்ப சரிம்மா." குரலிலேயே நிம்மதி தெரிந்தது. வைத்துவிட்டார்கள்.

முந்தாநாள் காலை. வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது வலி வந்திருக்கிறது. வாசலுக்கு ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்கள்.

"பாத்துட்டு இருக்காங்கன்னு சொன்னியேம்மா. யாரும்மா பாத்துட்டு இருந்தா?"

சோக் டெஸ்டுக்கு அர்த்தம் அதுதான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று கடை திறந்தோம். அண்ணன் கடைசியாக ஓடவிட்ட டிவி ஜன்னலோரம் அப்படியே இருந்தது. ஸ்விட்ச் போட்டேன், பாட்டு ஓடியது.

செம்பட்டியில் இருந்து அந்த டிவிக்காரர் போன் செய்தார். "என்னம்மா ஆச்சு?"

எப்போதும் சொல்கிற பதில் நாக்கு வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. "தெரியல சார்" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணே... உங்க டிவி இன்னும் அணையவில்லை. பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். போய் ஓய்வெடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.