எட்டு கேரியரும் ஒரு பஸ்ஸும்

நெய்வேலியில் என் அம்மாவின் வேலை எப்படிப் போயிற்று என்று கேட்டால் எங்கள் சனங்கள் பஸ்ஸைத்தான் திட்டுவார்கள். பாவம் பஸ். ஒன்பது வயதில், ரொம்பப் பெருமையோடு, அந்த வேலையைப் பறித்தவள் நான்தான்.

அம்மா கூலிக்கு நாற்று நட்ட வயல்களெல்லாம் அதற்குள் சுரங்கமாகிவிட்டன. அவளாகவே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் வீடுகளில் எட்டு டிபன் கேரியர்களை வாங்கிக் கூடையில் அடுக்கி, மைன்ஸ் கேட்வரை மூன்று மைல் நடந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் சேர்த்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அதனால் பழைய சேலைகளைக் கிழித்து, வீட்டுக்கு ஒரு நிறமாகக் கைப்பிடிகளில் முடிந்து வைத்திருந்தாள். மதுரைக்கார வீட்டுக்குச் சிவப்பு, கோயம்புத்தூர்க்கார வீட்டுக்கு மஞ்சள். ஒரு நாளும் மாறியதில்லை. சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போயிருந்தது.

அப்போதுதான் குவார்ட்டர்ஸ் பிளாக்குகளிலிருந்து மைன்ஸுக்கு பஸ் விட்டார்கள். எனக்குப் பஸ் பைத்தியம். லீவு நாளில் அம்மாவோடு போனபோது, ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் ஓடிப்போய் டிரைவரிடம் கேட்டேன்.

“அண்ணே, கூடைய ஏத்திக்கினு போறீங்களா? எங்கம்மாவுக்குத் தலை வலிக்குதுங்க.”

“ஏறுங்க, அதுலயா பஸ்ஸு சாஞ்சிடப் போவுது?” என்றார் அந்த நல்ல மனிதர்.

“சும்மா இருடி, வேணாம்” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். கேட்டால்தானே! நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா கூடையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றே வந்தாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? மறுநாள் மதுரைக்கார அம்மாளிடம் பீற்றிக்கொண்டேன்.

“எங்கம்மா இனிமே நடக்கவே வேணாங்க. கேரியர பஸ்ஸே எடுத்துக்கினு போயிடும்.”

“அப்படியா தாயி?” என்று கன்னத்தைத் தட்டி, அந்த அம்மாள் எனக்கு ஒரு முறுக்கும் கொடுத்தாள்.

அந்த வாரமே கேரியர்களில் பெயரும் பிளாக் நம்பரும் பெயின்டில் ஏறிவிட்டன. வீட்டுக்காரர்களே அவற்றை பஸ்ஸில் வைத்து அனுப்பினார்கள். வழக்கம்போலப் போய் நின்ற அம்மாவிடம் எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்களாம், “நீயும் எவ்வளவுதான் நடப்பே, பாவம்” என்று. கைப்பிடித் துணிகளை அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அம்மா பகலில் வீட்டில் இருந்தது எனக்குத் திருவிழாவாக இருந்தது. காலிக் கூடையில் கிடந்த சிவப்புத் துணியை எடுத்துச் சடையில் கட்டிவிடச் சொன்னேன். வலிக்க வலிக்க இழுத்துக் கட்டினாள்.

“பஸ்ஸுல கேரியர் போவும்னு அவங்களுக்கு யாருடி சொன்னது?”

“நான்தாம்மா!” என்று திரும்பி, மெச்சிக்கொள்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடிக்கவில்லை. அடுத்த சடைக்கு மஞ்சளை எடுத்தாள்.

அடுத்த வாரம், புதுக் குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்தில் சித்தாளாகச் சேர்ந்தாள். சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து படுத்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகச் சொன்னேன்.

“செங்கல்லயும் பஸ்ஸுல ஏத்திடலாம்மா. நான் வந்து டிரைவரண்ணன்கிட்ட கேக்கறேன்.”