அம்மா ஏறினால் நிற்கும் சத்தம்

கரமனையில் நாங்கள் குடியிருந்தபோது, கொத்தனாரான என் அப்பாவின் பழைய பைக்கில் ‘கடகட’ என்று ஒரு சத்தம் வந்தது. ஓட்டிப் பார்த்த மெக்கானிக், “எஞ்சின் இறக்கணும் அண்ணாச்சி, ஒரு வாரம் ஆகும் கேட்டோ” என்றார். அப்பா துவண்டுபோனார். பொன்முடியில் அப்போதுதான் ஒரு கட்டட வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸை நம்பி அங்கே போக முடியாது. வண்டி இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“உங்கம்மா பின்னால ஏறினா மட்டும் சத்தம் இல்ல மக்ளே. அவளக் கண்டா வண்டிக்கும் பயம்” என்று அந்த வருத்தத்திலும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது பாலிடெக்னிக் மாணவி. பின்னால் யார் இருக்கிறார் என்பது எஞ்சினுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டின் அடிக்கம்பியில் காலை ஊன்றுவாள். வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்து, அந்தக் கம்பியை மிதித்தேன். சத்தம் நின்றது. காலை எடுத்ததும் மறுபடி வந்தது. கார்டின் போல்ட் ஒன்று லூசாகியிருந்தது. ஸ்பேனரால் நானே முறுக்கினேன்.

மறுநாள் பொன்முடிக்குப் புறப்பட்ட அப்பா, ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி, “எஞ்சின இறக்காமலே எம் மக சரியாக்கிட்டா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

இப்போது எந்த வண்டியில் சத்தம் என்றாலும், அது எப்போது நிற்கிறது என்று பார்த்த பிறகே மெக்கானிக்கை எஞ்சினில் கை வைக்க விடுகிறேன்.